வெட்டும் கையும் கற்கும் கையும்: தமிழகத் தொடக்கநிலைக் குழந்தைக் கல்வியில் கத்தரிக்கோல் பயிற்சியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு எளிய பொருள்களைக் கொண்டு வெட்டக் கற்பித்தல் இன்று நுண்தசை வளர்ச்சிச் செயல்பாடாக மட்டுமே பார்க்கப்படுகிறது. இப்பயிற்சிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட கல்வி வரலாறு உண்டு. ஜெர்மானியக் கிண்டர்கார்டனில் வடிவத்தை அறியும் வழியாகத் தோன்றிய தாள்வெட்டு, மதராசு மாகாணத்தை அடைந்து, ஆதாரக் கல்வி, 1953ஆம் ஆண்டின் கல்வித் திட்டம், அங்கன்வாடி ஆகியவற்றின் காலங்களில் பொருள் மாறிய விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. தொழிலுக்குப் பழகும் கை, அறிதலுக்குப் பழகும் கை என்னும் இரண்டும் தமிழ்ச் சூழலில் ஒன்றாகக் கருதப்பட்டமையால், பின்னது கல்வி விவாதத்தில் உரிய இடம் பெறவில்லை என்பது இதன் கருதுகோள். தருமபுரி மாவட்டம் இண்டூர் போன்ற ஊர்களின் முன்பருவக் கல்வியை முன்னிறுத்தி முடிவுகள் தரப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கத்தரிக்கோல், தாள்வெட்டு, கிண்டர்கார்டன், சுந்தரராவ், ஆதாரக் கல்வி, குலக்கல்வி, அங்கன்வாடி, இண்டூர்.

முன்னுரை

தருமபுரி மாவட்டம் நல்லம்பள்ளி வட்டத்தில் அமைந்த இண்டூர், மானாவாரி வேளாண்மையைப் பெரிதும் சார்ந்த நிலப்பகுதியைச் சேர்ந்த ஊர். இத்தகைய ஊர்களில் பெரும்பாலான குழந்தைகள் வீட்டில் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை. அது பெரியவர்களின் கருவி. குழந்தையின் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கப்படுவது. எனவே ஒரு குழந்தை அதனை முதன்முதலாக முறையாகப் பிடிக்கும் இடம் அங்கன்வாடியாகவோ பள்ளியாகவோ அமைகிறது. அங்கும் அது பிடிக்கப்படாவிட்டால், வெட்டும் திறன் கல்வியின் பகுதியாக ஒருபோதும் அக்குழந்தையை அடைவதில்லை.

இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். ஆனால் ஒரு சமூகம் குழந்தையின் கையை எதற்கு உரியதாகக் கருதுகிறது என்னும் பெரிய வினா இதனுள் அடங்கியுள்ளது. எழுதுவதற்கா, உழைப்பதற்கா, அறிவதற்கா? தமிழகக் கல்வி வரலாறு இவ்வினாவுக்குக் காலந்தோறும் வேறுவேறு விடைகளைத் தந்துள்ளது. அவ்விடைகளைக் கத்தரிக்கோல் என்னும் ஒரே கருவியின் வழியே தொடர்ந்து பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

1. கருவியும் அதன் சமூக இடமும்

தமிழ் இலக்கியத்தில் இக்கருவி பழமையானது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை, பாடினியின் காதுக்கு மயிர் குறைக்கும் கருவியின் கைப்பிடிப் பகுதியை உவமையாக்குகிறது. வளைந்த கைப்பிடியின் வடிவத்தைக் கேட்போர் நன்கறிந்திருந்தால் மட்டுமே அவ்வுவமை பொருள்படும். ஆகவே அக்காலத்திலேயே அது பழக்கமான கருவியாக இருந்துள்ளது. அதே வேளையில், அவ்விடத்திலேயே அது ஒரு குறிப்பிட்ட பணியோடு சேர்த்து அடையாளப்படுத்தப்படுவதும் கருதத்தக்கது. முடி திருத்துநர், தையற்கலைஞர் ஆகியோரின் கருவியாகவே கத்தரிக்கோல் பிற்காலத்திலும் அறியப்பட்டது. சாதியும் தொழிலும் பிணைந்த சமூகத்தில் கருவிக்கும் சாதி அடையாளம் வந்துசேர்ந்தது.

திண்ணைப் பள்ளிகளில் குழந்தையின் கைக்கு வேறு பயிற்சி இருந்தது. மணலில் விரலால் எழுதத் தொடங்கி, பின்னர் ஓலைக்கும் எழுத்தாணிக்கும் மாணவர் பழகினர். ஓலையைச் சீவி அளவாக நறுக்கிச் சுவடியாக்கும் வேலையும் கல்வியின் அருகிலேயே இருந்தது. எனினும் அங்கு நறுக்குதல் எழுத்துக்கு முற்பட்ட ஆயத்தமே. தன்னளவில் கற்றற்குரிய பொருள் அன்று. கையின் இலக்கு எழுத்து என்னும் கருத்து இவ்வாறு வேரூன்றியது.

2. ஃபிரோபெலின் தாள்வெட்டு

வெட்டுதலைச் சிறு குழந்தையின் கல்விப்பொருளாக முறைப்படுத்தியவர் ஜெர்மானியக் கல்வியாளர் ஃபிரெடரிக் ஃபிரோபெல் (1782–1852). 1837இல் பிளாங்கன்பர்க்கில் அவர் தொடங்கிய நிறுவனம் 1840இல் கிண்டர்கார்டன் என்னும் பெயர் பெற்றது. பந்து, கனசதுரம், உருளை முதலிய ‘கொடைகள்’ ஒருபுறமும், குத்துதல், தைத்தல், தாள் பின்னுதல், மடித்தல், வெட்டுதல், களிமண்ணில் உருவாக்குதல் முதலிய ‘செயற்பணிகள்’ மறுபுறமும் அவருடைய முறையில் அமைந்தன.

இம்முறையில் தாள்வெட்டு மடிப்பைத் தொடர்ந்து வருவது. சதுரத் தாளைப் பலமுறை மடித்து முக்கோணமாக்கி, அதன்மேல் குறித்த கோடுகளில் வெட்டி விரிக்கும்போது சமச்சீர் வடிவம் தோன்றுகிறது. வெட்டி வீழ்ந்த துண்டுகளும் எறியப்படுவதில்லை; நடுவடிவத்தைச் சூழ அவற்றை அடுக்கிப் புதிய கோலம் அமைக்கப்படுகிறது. முழுமை, பகுதி, பகுதிகள் மீண்டும் முழுமையாதல் என்னும் கருத்தைக் குழந்தை சொல்லால் அல்லாமல் கையால் உணர வேண்டும் என்பது நோக்கம்.

இங்கு இரண்டு செய்திகள் முதன்மையானவை. முதலாவது, இப்பயிற்சி எந்தத் தொழிலுக்கும் உரியதன்று. தையற்காரரை உருவாக்குவது அதன் குறிக்கோள் அன்று. இரண்டாவது, அது படிநிலை உடையது. மடிப்பு முன்னும் வெட்டு பின்னும், நேர்கோடு முன்னும் வளைகோடு பின்னும் வருகின்றன. பின்னர்ப் பல நாடுகளுக்குப் பரவியபோது, பொருள்கள் எளிதில் பயணம் செய்தன; படிநிலையும் நோக்கமும் எல்லா இடங்களிலும் அவற்றுடன் செல்லவில்லை.

3. மதராசு மாகாணத்தில் மடிப்பும் வெட்டும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் கிண்டர்கார்டன் முறை மதராசு மாகாணத்தை அடைந்தது. பெண்கள் பள்ளிகளின் ஆய்வாளராக இங்குப் பணியாற்றிய இசபெல் பிராண்டர், இந்தியாவில் கிண்டர்கார்டன் கற்பித்தல் குறித்துத் தனிநூல் எழுதினார். இந்தியப் பள்ளிக்குரிய கையேடு ஒன்று தேவைப்பட்டமையே, அயல்முறையை இங்குள்ள பொருள்களுக்கும் ஆசிரியர்க்கும் ஏற்ப மாற்ற வேண்டியிருந்ததைக் காட்டுகிறது.

இம்முறை மதராசில் விளைவித்த மிகச் சிறந்த அறிவுப்பயன் குழந்தைகள் வகுப்புக்கு வெளியே தோன்றியது. வருவாய்த் துறையில் பணியாற்றிய தண்டலம் சுந்தரராவ், தாள் மடிப்பின்வழி வடிவகணிதப் பயிற்சிகளைத் தரும் நூலை 1893இல் மதராசில் அடிசன் நிறுவனத்தின்வழி வெளியிட்டார். கிண்டர்கார்டன் கொடை வரிசையில் எட்டாவதாகிய தாள் மடிப்பே தமக்கு இவ்வெண்ணத்தைத் தந்தது என முன்னுரையில் அவர் குறிப்பிடுகிறார். கணிதக் கருவிகள் தேவையில்லை, சிறு பேனாக்கத்தியும் தாள் துண்டுகளும் போதும் என்பதும் அவர் தரும் விளக்கம். ஒழுங்கற்ற தாளை மடித்து, மடிப்பில் வெட்டி, சதுரம் பெறுவதில் தொடங்கும் அந்நூல், ஒழுங்குப் பலகோணங்கள், தொடர்கள், கூம்பு வெட்டுகள் வரை செல்கிறது.

ஜெர்மானியக் கணித அறிஞர் ஃபெலிக்ஸ் கிளைன் தம் நூலில் இதனைச் சுட்டியதன் விளைவாக அது மேலைநாட்டில் கவனம் பெற்றது. பீமன், ஸ்மித் ஆகிய அமெரிக்கப் பேராசிரியர்கள் திருத்திய பதிப்பு 1901இல் சிகாகோவில் வெளிவந்தது. குழந்தைகளுக்கென ஜெர்மனியில் அமைந்த ஒரு பயிற்சி, மதராசு அலுவலர் ஒருவரின் கையில் கணித நூலாகி, மீண்டும் மேலைநாட்டு வகுப்பறைக்குச் சென்றது குறிப்பிடத்தக்க நிகழ்வு.

எளிய பொருளால் உயர்ந்த அறிவை அடையலாம் என்பதற்கு இதனினும் வலிய சான்று தமிழகக் கல்வி வரலாற்றில் அரிது. ஆனால் இந்நூல் வடிவகணித ஆர்வலர்களிடம் நிலைத்த அளவுக்கு, தமிழகத் தொடக்கப் பள்ளியின் மரபாக நிலைபெறவில்லை. தேர்வும் எழுத்துமே பள்ளியின் அளவுகோல்களாக இருந்த சூழலில், தாளும் கத்தியும் விளையாட்டின் பக்கம் ஒதுக்கப்பட்டன.

1939இல் மரியா மாண்டிசோரி சென்னை அடையாற்றுக்கு வந்து பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர் பயிற்சி நடத்தினார். போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் தங்கிப் பணியாற்றினார். கை அறிவின் கருவி என்னும் கருத்து இதனால் தமிழகத்தில் மீண்டும் வலுப்பெற்றது. எனினும் திட்டமிட்ட அளவுகளில் செய்யப்பட்ட மரப்பொருள்கள் அம்முறைக்கு இன்றியமையாதனவாகக் கருதப்பட்டமையால், அது பெரிதும் நகர்ப்புறத்துக் கட்டணப் பள்ளிகளில் தங்கியது.

4. தொழிலுக்கான கை: ஆதாரக் கல்வியும் 1953ஆம் ஆண்டுத் திட்டமும்

கைக்குக் கல்வியில் நடுநாயக இடம் தந்த இந்தியத் திட்டம் காந்தியடிகளின் ஆதாரக் கல்வி. 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாடும், அதன்பின் ஜாகிர் உசேன் குழு அளித்த அறிக்கையும் இதற்கு வடிவம் தந்தன. நூற்பு முதலிய கைத்தொழிலின் வழியே பிற பாடங்களைக் கற்பிப்பது அதன் நெறி. குழந்தைகளின் உற்பத்தி, ஆசிரியர் ஊதியத்துக்கு உதவ வேண்டும் என்னும் எதிர்பார்ப்பும் அதில் இருந்தது. பொருளியல் அறிஞர் கே.டி. ஷா இதனை அம்மாநாட்டிலேயே எதிர்த்தார். கற்கும் கையும் உழைக்கும் கையும் ஒன்றாகும்போது குழந்தைக்கு நேரும் இடர் அப்போதே விவாதப் பொருளாயிற்று. 1945 முதல் ஏழு வயதுக்குட்பட்டோர்க்கான முன்னாதாரக் கல்வியும் இத்திட்டத்தில் இணைந்தது. அங்கு உற்பத்தி நோக்கம் இல்லை. தூய்மை, விளையாட்டு, கைவேலை ஆகியனவே இடம்பெற்றன.

தமிழகத்தில் இவ்விவாதம் 1953இல் உச்சத்தை அடைந்தது. முதலமைச்சர் இராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணிநேரமாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் குழந்தைகள் பெற்றோரின் தொழிலைப் பழகும் திட்டத்தை நடைமுறைப்படுத்தினார். அப்போது சேலம் மாவட்டத்துள் அடங்கியிருந்த இண்டூர் போன்ற கிராமங்களே இத்திட்டத்தின் களம். இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியும் அதே சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் இதனைக் குலக்கல்வித் திட்டம் எனப் பெயரிட்டு எதிர்த்துப் போராடின. காங்கிரசுக்குள்ளும் எதிர்ப்பு எழுந்தது. 1954இல் இராஜாஜி பதவி விலக, காமராசர் தலைமையிலான அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது.

எதிர்ப்பின் அடிப்படை நியாயமானது. முடி திருத்துநரின் மகன் கத்தரிக்கோலையும், வண்ணாரின் மகன் வெள்ளாவியையும் பழக, பிறர் குழந்தைகள் நூலைப் பழகுவர் எனின், கைப்பயிற்சி பிறப்பின் தண்டனையாகிவிடும். இவ்வாறு மறுக்கப்பட்டது கையைப் பிறப்போடு பிணைக்கும் ஏற்பாடே. ஆனால் விவாதத்தின் சூட்டில், எந்தப் பிறப்புக்கும் எந்தத் தொழிலுக்கும் உரியதல்லாத கைப்பயிற்சி ஒன்று உண்டு என்பதைத் தனித்து எடுத்துரைக்கும் குரல் வலுவாக எழவில்லை. ஃபிரோபெலின் குழந்தை வெட்டியதும், சுந்தரராவ் மடித்ததும் அத்தகைய பயிற்சியே. தம் பிள்ளை கைவேலை செய்யாமல் எழுதப் படிக்க வேண்டும் என்னும் ஒடுக்கப்பட்ட பெற்றோரின் விருப்பம் வரலாற்றுக் காரணம் உடையது. மூன்று வயதிலேயே பென்சில் பிடிக்க வைக்கும் இன்றைய அவசரத்தின் பின்புலங்களுள் இவ்வரலாறும் ஒன்றாகக் கருதத்தக்கது.

5. முற்றத்துப் பள்ளி: அங்கன்வாடி

எளிய பொருளையும் தொழில்சாராக் கைப்பயிற்சியையும் ஏழைக் குழந்தையிடம் இணைத்த முன்னோடி தாராபாய் மோடக் (1892–1973). பாவ்நகரில் கிஜுபாய் பதேகாவுடன் மாண்டிசோரி நெறியில் பணியாற்றிய அவர், 1945இல் இன்றைய மகாராட்டிரத்தின் போர்டியிலும், பின்னர் கோஸ்பாடிலும், அனுதாய் வாக் துணையுடன் பணியைத் தொடர்ந்தார். குழந்தைகள் பள்ளிக்கு வராதபோது பள்ளியைக் குடியிருப்பின் முற்றத்துக்குக் கொண்டுசென்றார். அங்கன்வாடி என்னும் பெயர் இம்முற்றத்திலிருந்து தோன்றியது. விலையுயர்ந்த கருவிகளின் இடத்தைக் கூழாங்கல், கிளிஞ்சல், இலை, விதை ஆகியன பெற்றன. பொருளை மாற்றினாலும் படிநிலையை விடாமையே அவருடைய சாதனை.

மினா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் முன்பருவக் குழந்தைகள் குறித்து அளித்த அறிக்கையின் தாக்கத்துடன், 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் நாட்டில் 33 இடங்களில் தொடங்கப்பட்டது. சரியாகப் பத்து ஆண்டுகளுக்கு முன், 1965 அக்டோபர் 2 அன்று, தருமபுரி சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமாகியிருந்தது. தமிழகத்தில் 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் சிற்றூர்தோறும் குழந்தைகள் மையத்தை நிலைநிறுத்தியது. இன்று மாநிலத்தில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இயங்குகின்றன.

உணவும் எடைக் கண்காணிப்பும் உயிர்காக்கும் பணிகளாதலின் அவை முன்னுரிமை பெற்றன. முன்பருவக் கல்வி பெரும்பாலும் பாட்டு, கதை, ஒப்புவித்தல் ஆகியவற்றுள் நின்றது. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் தமிழகக் கலைத்திட்டமும், 2022ஆம் ஆண்டின் அடித்தள நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகமும் கை, விரல்களின் நுண்ணியக்கத்துக்கு இடம் தருகின்றன. 2019இல் நடுநிலைப் பள்ளிகளை ஒட்டிய 2,381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புகள் தொடங்கப்பட்டபோதோ, பெற்றோரின் எதிர்பார்ப்பு பெரிதும் எழுத்தையும் ஆங்கிலத்தையும் சார்ந்திருந்தது. ஏட்டில் கைக்கு இடம் உண்டு. பொழுதில் அதற்கு இடம் தேட வேண்டியுள்ளது.

6. வெட்டுதலின் படிநிலையும் இண்டூரின் பொருள்களும்

வரலாற்றில் மீண்டும் மீண்டும் தவறவிடப்பட்டது பொருளன்று, படிநிலை என்பது மேற்கண்டவற்றால் புலனாகும். அப்படிநிலையை உடலியல் நோக்கில் வரையறுக்கலாம். கத்தரிக்கோல் இரு கைகளுக்கு இருவேறு பணிகளைத் தருகிறது. ஒரு கை திறந்து மூட, மறு கை தாளைப் பிடித்துத் திருப்புகிறது. பெருவிரல் மேல்நோக்கி இருக்க, முழங்கை உடலை ஒட்டி அமைய, கண் கோட்டைத் தொடர வேண்டும். பொதுவாக மூன்று வயதளவில் ஒற்றை வெட்டும், நான்கு வயதளவில் நேர்கோட்டில் தொடர் வெட்டும், ஐந்து வயதளவில் வட்டமும், அதன்பின் மூலைகளை உடைய வடிவங்களும் கைகூடுகின்றன.

இதற்குரிய பொருள்கள் இண்டூர்ப் பகுதியில் விலையின்றிக் கிடைப்பவை. முதற்படி கருவியற்றது: கேழ்வரகு மாவையோ களிமண்ணையோ பிசைதல், பழைய செய்தித்தாளைக் கிழித்தல். செய்தித்தாள் ஒரு திசையில் நேராகவும் மறுதிசையில் கோணலாகவும் கிழியும். தாளுக்குள் இழையோட்டம் உண்டு என்பதைக் குழந்தையின் விரல் இங்கு அறிகிறது. இரண்டாம் படியில், கயிறுபோல் உருட்டிய மாவைக் கத்தரிக்கோலால் துண்டாக்குதல். மாவு நழுவாது, தவறினும் இழப்பில்லை.

மூன்றாம் படி ஒற்றை வெட்டு. இதற்கு ஒரு விரல் அகலமும் விறைப்பும் உடைய பட்டை வேண்டும். ஈர்க்கு நீக்கிய தென்னங்கீற்று இயல்பாகவே அவ்வளவில் உள்ளது. பழைய திருமண அழைப்பிதழ், நாட்காட்டி அட்டை ஆகியவற்றின் பட்டைகளும் ஏற்றவை. மலிவானது என்பதற்காகச் செய்தித்தாளை இந்நிலையில் தருவது பொருந்தாது. மெல்லிய தாள் அலகுகளுக்கிடையே மடங்கிக் குழந்தையைச் சோர்வுறச் செய்யும். நான்காம் படியில் அட்டைமேல் தடித்த நேர்கோடும், அடுத்து வளைகோடும், வட்டமும், சுருளும் வருகின்றன. பட்டுவளர்ப்பு நிகழும் இம்மாவட்டத்தில் கிடைக்கும் மல்பெரி இலை, நரம்புகளைக் கடந்து வெட்டும் பயிற்சிக்கு உதவும். இறுதிப் படியில் மடித்து வெட்டி விரித்தல். இங்குதான் ஃபிரோபெலின் சமச்சீரும் சுந்தரராவின் சதுரமும் குழந்தையின் கையில் சந்திக்கின்றன.

கருவி குறித்தும் இரண்டு செய்திகள் கருதற்பாலன. மழுங்கிய அலகும் தளர்ந்த ஆணியும் உடைய கத்தரிக்கோல் பாதுகாப்பானதன்று. அது அளவுமீறிய விசையைக் கோருகிறது. முனை உருண்டையாகவும் அலகு கூர்மையாகவும் இருத்தலே தேவை. இடக்கைப் பழக்கமுள்ள குழந்தை வலக்கைக் கத்தரிக்கோலைப் பிடிக்கும்போது அலகுகள் ஒன்றையொன்று விட்டு விலகுகின்றன. வெட்டும் கோடும் மறைகிறது. இதனைக் குழந்தையின் திறமைக் குறைவாகக் கொள்வதும், கையை மாற்ற வற்புறுத்துவதும் கருவியின் குறையைக் குழந்தையின்மேல் ஏற்றுவதாகும்.

விளைபொருளை முதன்மையாக்கும் போக்கும் படிநிலையைக் குலைப்பது. சுவரில் ஒட்டத்தக்க அழகிய மீனோ பூவோ வேண்டுமெனின், பெரியவர் வெட்டித் தரக் குழந்தை ஒட்டுவதே எளிதாகிறது. அப்போது கையை மட்டுமன்றி, தவறி வெட்டித் திருத்தும் வாய்ப்பையும் குழந்தை இழக்கிறது. கோணலாக வெட்டிய பட்டை, கற்றலின் சான்று என்னும் மதிப்பீடு ஆசிரியரிடமும் பெற்றோரிடமும் உருவாக வேண்டும்.

முடிவுரை

இவ்வாய்வால் பெறப்படும் முடிவுகள் மூன்று. ஒன்று, கத்தரிக்கோல் பயிற்சி தமிழகத்துக்குப் புதிதன்று. 1893இலேயே, தாள் துண்டும் சிறு கத்தியும் வடிவகணிதத்துக்குப் போதும் என்று இம்மண்ணில் நிறுவப்பட்டது. இரண்டு, 1953ஆம் ஆண்டுத் திட்டத்தின் மீதான நியாயமான மறுப்பு, தொழில்சாராக் கைப்பயிற்சியின் மீதான ஐயமாகவும் நீளும் நிலை உருவாயிற்று. இவ்விரண்டையும் பிரித்தறிவது இன்றைய கல்வியியலின் கடமை. மூன்று, எளிய பொருள் என்பது படிநிலையற்ற பொருள் அன்று. எந்த வயதில் எப்பொருள், எத்துணை விறைப்பில், எவ்வகைக் கோட்டில் என்னும் அறிவே அதனைக் கல்விப்பொருளாக்குகிறது.

கையைப் பிறப்பிலிருந்து விடுவித்த போராட்டம் தமிழகத்தின் பெருமை. எல்லாப் பிறப்பினரும் ஒரே முற்றத்தில் அமர்ந்து, ஒரே கத்தரிக்கோலைக் கைமாற்றி, ஒரே தாளை வெட்டி விரிக்கும் வாய்ப்பு அப்போராட்டத்தின் இயல்பான தொடர்ச்சி. இண்டூரில் ஒரு குழந்தை தென்னங்கீற்றை முதன்முறை நறுக்கும்போது தொடங்குவது ஒரு தொழிலன்று. தன் கையால் ஒன்றைப் பகுத்தறியும் கல்வி.